சக்கரமில்லாத தேரும் சக்கரம் தேடிய ஹெரால்டும்

ஜி.எஸ்.டி. ரோட்டில் தாம்பரம் தாண்டி வண்டலூர் வந்ததும், பஸ்ஸில் பாதிப் பேர் மிருகக்காட்சி சாலைக்கு இறங்கிவிடுவார்கள். மீதிப் பேர் தூங்கிக்கொண்டிருப்பார்கள். இதே வண்டலூரில் ஒரு காலத்தில் கார் பிறந்தது என்ற விஷயம் இரண்டு கோஷ்டிக்கும் தெரியாது.

பம்பாய்க்கு ஃபியட், கல்கத்தாவுக்கு அம்பாஸடர், மெட்ராஸுக்கு ஸ்டாண்டர்ட். அறுபதுகளில் இந்தியக் கார்களின் ஜாதகம் இந்த மூன்று கட்டங்களில் அடங்கிவிடும். ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1961-ல் இறக்கிய செல்லப் பிள்ளைதான் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். இங்கிலாந்தில் 1959-ல் வந்த ட்ரையம்ஃப் ஹெரால்டின் நம்மூர் அவதாரம். மிச்சலாட்டி என்ற இத்தாலியர் கோடு போட, இங்கிலீஷ்காரர் இன்ஜின் வைக்க, செங்கல்பட்டு ஜில்லாவில் முறுக்கி மாட்டினார்கள். 948 சி.சி. இன்ஜின். பானெட்டோடு மட்கார்டும் சேர்ந்து முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். மெக்கானிக் முன் டயர் மேலேயே உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டே வேலை பார்க்கலாம். 25 அடி வட்டத்துக்குள் காரைத் திருப்பிவிடலாம். ஆட்டோக்காரரே பொறாமைப்படுவார்.

இதன் சேஸிஸைக் கொஞ்சம் நறுக்கிக் குட்டையாக்கித்தான் 1962-ல் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். ஆகவே வண்டலூர் ஹெரால்ட், ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்கு ஒன்றுவிட்ட அண்ணன். அந்த ரத்தம் சும்மா இருக்குமா? சோழவரத்தில் பழைய யுத்த கால விமான ஓடுதளத்தில் நடந்த கார் பந்தயங்களில் ஹெரால்டுகளும் சீறின. தரையோடு தரையாக இறக்கி, அகலச் சக்கரம் மாட்டி, மட்கார்டுக்கு வெளியே டயர் எட்டிப் பார்க்க...

அந்த ஆசை இன்னும் சாகவில்லை. என் நண்பர் ஒருவர் பேங்க்கில் வேலை பார்க்கிறார். வாரம் ஐந்து நாள் அடுத்தவர் பணத்தை எண்ணுகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் தன் பணத்தை அறுபதுகளில் பிறந்த ஒரு ஹெரால்டில் கொட்டுகிறார். ஸ்பிரிங்கை மாற்றிக் காரை ஒன்றரை இன்ச் இறக்கியாகிவிட்டது. அடுத்து அகலச் சக்கரம். ஏதோ ஒரு புதுக் காரிலிருந்து கழற்றிய நாலு அலாய் வீல்களைப் பின்சீட்டில் குழந்தைகளைப் போல உட்கார வைத்துக்கொண்டு, "செங்கல்பட்டுல ஒரு பழைய ஹெரால்ட் மெக்கானிக் இருக்காரு. மாட்டிக்கிட்டு அப்படியே மகாபலிபுரம் ஒரு ரவுண்டு. வர்றீங்களா சார்?" என்றார். பெட்ரோல் அவர் செலவு. கிளம்பிவிட்டேன்.

நாலு போல்ட்டுதானே?

வண்டலூரிலிருந்து செங்கல்பட்டு வரைக்கும் இந்த ரோடே கார்களின் வம்ச விருட்சம்தான். மறைமலைநகரில் ஃபோர்டு 2022 வரை கார் செய்தது. மகிந்திரா சிட்டியில் மகிந்திராவின் ஆராய்ச்சிக் கூடம் இருக்கிறது. வலது பக்கம் ஒரகடம் போகும் ரோட்டில் திரும்பினால் ரெனோ, நிஸான். நடுவே எங்கள் ஹெரால்ட், பேரன்களின் கல்யாணத்துக்கு வந்த தாத்தா மாதிரி, எல்லா லாரிக்கும் வழி விட்டுக்கொண்டு போனது.

கொளவாய் ஏரி கண்ணில் பட்டால் செங்கல்பட்டு வந்துவிட்டது என்று அர்த்தம். மெக்கானிக் பட்டறை என்பது ஒரு வேப்பமரம், ஒரு தகரக் கூரை, அவ்வளவுதான். பெரியவர் அலாய் வீலைப் பார்த்தார். ஹெரால்டைப் பார்த்தார். கடைசியாக நண்பரைப் பார்த்தார்.

"இன்னா சார் இது?"

"நாலு போல்ட்டுதானேண்ணே? மாட்டினா மாட்டிக்கும்."

"மாட்டிக்கும். அதான் சார் பயமே!"

வெர்னியர் காலிப்பரை எடுத்துவந்தார். சக்கரத்தில் எதிரெதிராக இருக்கும் இரண்டு ஓட்டைகளின் மையத்திலிருந்து மையத்துக்கு உள்ள தூரத்தை பி.சி.டி. என்பார்கள். ஹெரால்டுக்கு அது மூன்றே முக்கால் இன்ச், அதாவது 95.25 மில்லிமீட்டர். இன்றைய பல சின்னக் கார்களுக்கு 100 மில்லிமீட்டர். வித்தியாசம் ஐந்து மில்லிமீட்டர்கூட இல்லை. ஒவ்வொரு போல்ட்டும் 2.4 மில்லிமீட்டர்தான் விலகும். ஓட்டை கொஞ்சம் பெரிதாக இருந்தால் நட்டு எப்படியோ ஏறிவிடும். ஆனால் நட்டின் கூம்பு முனை ஓட்டையின் சரிவில் முழுசாக உட்காராது. போல்ட் வளைந்து நிற்கும். கார் ஓட ஓட நட்டு தளரும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் எண்பதில் போகும்போது உங்கள் சக்கரம் உங்களையே ஓவர்டேக் செய்யும்!

சுத்தமாகப் பொருந்தாத சக்கரம் யாரையும் கொன்றதில்லை. பொருந்துவது போல நடிப்பதுதான் ஆபத்து. (சக்கரத்துக்கு மட்டும் சொல்லவில்லை.)

வெள்ளரிக்காய் பாடம்

"அடாப்டர் போட்டுக்கலாம்ணே. இல்லேன்னா ஸ்பேஸர்..." என்று நண்பர் இழுத்தார். பெரியவர் ஒரு சாக்பீஸ் எடுத்துச் சிமென்ட் தரையில் படம் போட்டார். அதை நான் உங்களுக்கு வெள்ளரிக்காய் வைத்துச் சொல்கிறேன்.

ஒரு சக்கரத்தை வெள்ளரிக்காய் போலக் குறுக்கே வெட்டுங்கள். ரிம்மின் அகலத்துக்குச் சரிபாதியில் ஒரு கோடு. ஹப்பின் மேல் போய் உட்காரும் முகம் அந்தக் கோட்டிலேயே இருந்தால் ஆஃப்செட் ஜீரோ. முகம் கோட்டைவிட்டு வெளிப்பக்கம் தள்ளி இருந்தால் பாஸிட்டிவ். சக்கரம் காருக்குள் நுழையும். உள்பக்கம் தள்ளி இருந்தால் நெகட்டிவ். சக்கரம் வெளியே துருத்தும். அலாய் வீலின் முதுகில் 'இ.டி. 40' என்று இருப்பது இந்த மில்லிமீட்டர் கணக்குதான். பல்லை உடைக்கும் ஒரு ஜெர்மன் வார்த்தையின் சுருக்கம்.

முன்சக்கரத்தில் இழுவை உள்ள புதுக் கார்களுக்கு இது 35, 40, 45 என்று இருக்கும். பின்சக்கரத்தில் இழுவை உள்ள பழைய கார்களுக்கு ரொம்பக் குறைவு. புதுக் கார் சக்கரத்தை ஹெரால்டில் மாட்டினால் அது உள்ளே போய் சஸ்பென்ஷனோடு குசலம் விசாரிக்கும். அதை வெளியே இழுக்க ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே அலுமினிய வில்லை வைப்பார்கள். அதுதான் ஸ்பேஸர். 25 மில்லிமீட்டர் வில்லை வைத்தால் 40 ஆஃப்செட் 15 ஆகிவிடும். கணக்கு சரிதான். கணக்கில் வராதவை மூன்று.

முதல் விஷயம் போல்ட். ஹெரால்டின் போல்ட் கனம் 3/8 இன்ச், சுமார் ஒன்பதரை மில்லிமீட்டர். ஒரு இன்ச்சுக்கு 24 மரை. போல்ட் எவ்வளவு கனமோ அவ்வளவு நீளமாவது நட்டு அதில் ஏறியிருக்க வேண்டும் என்பது பட்டறை விதி. அதாவது குறைந்தது ஒன்பது சுற்று. ஐந்து மில்லிமீட்டர் ஸ்பேஸர் கிட்டத்தட்ட ஐந்து சுற்றை விழுங்கிவிடும். பத்து மில்லிமீட்டர் என்றால் ஒன்பதும் காலி. போதாததற்கு அலாய் வீலின் நடுப்பாகம் பழைய தகடுச் சக்கரத்தைவிடத் தடிமன். அதுவே தன் பங்குக்குக் கொஞ்சம் சாப்பிட்டிருக்கும். எனவே ஸ்பேஸர் வைப்பவர் நீளமான போல்ட்டும் வைத்தே ஆக வேண்டும். ஒரு டவுனில் ஒருவர் பத்து மில்லிமீட்டர் ஸ்பேஸரைப் பழைய போல்ட்டிலேயே மாட்டிவிட்டு மூன்று சுற்றில் நட்டை நிறுத்தியதைப் பெரியவர் பார்த்திருக்கிறாராம். "மூணு முடிச்சு கல்யாணத்துக்குப் போதும் சார். சக்கரத்துக்குப் போதாது!"

இரண்டாவது நெம்புகோல் கணக்கு. சக்கரம் எவ்வளவு வெளியே போகிறதோ, அவ்வளவுக்கு பேரிங்கும் ஸ்டப் ஆக்சிலும் கூடுதலாக வளைசுமை தாங்க வேண்டும். கை நிறையக் காய்கறிப் பையைத் தூக்கிக் கையை நீட்டிப் பாருங்கள், புரியும். ஸ்டீயரிங் திரும்பும் அச்சுக்கும் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரமும் அதே அளவு மாறும். ஒரு பள்ளத்தில் இறங்கினால் ஸ்டீயரிங் கையைப் பிடுங்கும். ஹெரால்டில் முன்சக்கரம் திரும்புவது ட்ரன்னியன் என்ற பித்தளை முட்டியின் மேல். அதற்கு கிரீஸ் கூடாது, கியர் ஆயில்தான் விட வேண்டும் என்பது கம்பெனி வாக்கு. பாதிப் பேர் கிரீஸைத்தான் அடைப்பார்கள். ஏற்கெனவே மூட்டு வலியில் இருக்கும் தாத்தாவின் தோளில் மூட்டை ஏற்றலாமா?

மூன்றாவது இடம். ஹெரால்டின் அசல் ரிம் மூன்றரை இன்ச் அகலம். நண்பருக்கு வேண்டியது ஐந்தரை. கூடுவது இரண்டு இன்ச், சுமார் 51 மில்லிமீட்டர். ஆஃப்செட்டை மாற்றாவிட்டால் உள்ளே 25, வெளியே 25. உள்பக்கம் இடமில்லை என்று ஆஃப்செட்டை 25 குறைத்தால் 51-ம் வெளியே வந்து மட்கார்டைச் செதுக்கும். இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ ஓர் இடம் இருக்கிறது. அதைக் கண்டுபிடிப்பதுதான் மொத்த வித்தையும்.

முட்டி தட்டும் பின்சக்கரம்

இறக்கிய காருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ஹெரால்டின் பின்பக்கம் ஸ்விங் ஆக்சில். சக்கரம் மேலும் கீழும் போகும்போது பறவை இறக்கை போல மடங்கும். காலி ஹெரால்டைப் பின்னாலிருந்து பார்த்தால் சக்கரங்களின் அடிப்பாகம் உள்பக்கம் ஒடுங்கி, முட்டி தட்டுகிற பையன் மாதிரி நிற்கும். மாமனாரும் மாமியாரும் பின்சீட்டில் ஏறினால் நேராகிவிடும். அதனால்தானோ என்னவோ, அதைக் குடும்பக் கார் என்றார்கள்!

வேகமாக வளைவில் திரும்பி, பயத்தில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், பின்பக்கம் தூக்கிக்கொண்டு வெளிப்பக்கச் சக்கரம் அடியில் மடங்கும். கார் கவிழக்கூட வாய்ப்பு உண்டு. அமெரிக்காவில் ரால்ஃப் நாடர் 1965-ல் எழுதிய புத்தகத்தில் செவர்லே கார்வேரை வறுத்தெடுத்தது இதே மாதிரி ஆக்சிலுக்காகத்தான். ஸ்பிட்ஃபயரில் இதன் சுபாவத்தை அடக்க 1970-ன் கடைசியில் வந்த மார்க் 4 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நம் வண்டலூர்க்காரர்கள், எழுபதுகளின் ஆரம்பத்தில் ஹெரால்டை மாற்றி 'கஸல்' என்று கொண்டுவந்தபோது, வம்பே வேண்டாம் என்று பின்னால் சாதாரண ஒற்றை ஆக்சிலே வைத்துவிட்டார்கள்.

எனவே பின்பக்கத்தை அளவாக இறக்குவது இந்தக் காருக்கு அழகு மட்டுமல்ல, புத்திசாலித்தனமும்கூட. சக்கரத்தின் மேல்பாகம் உள்ளே சாய்ந்து, கால் அகட்டி நிற்கும் பயில்வான் மாதிரி கார் தரையைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அந்தச் சாய்வு சக்கரத்தின் இடத்தையும் மாற்றிவிடும். அதனால்தான் வரிசை முக்கியம். முதலில் எவ்வளவு இறக்குவது என்று முடிவு செய்யணும். பிறகு அளக்கணும். அப்புறம்தான் சக்கரம் வாங்கணும். நம் ஆட்கள் தலைகீழாகச் செய்வார்கள். சக்கரம் வாங்கி, ஸ்பேஸர் வைத்து, உரசுகிறதே என்று மட்கார்டை வெட்டி...

வெட்டுவதற்கு முன் சட்டத்தையும் பார்க்க வேண்டும். கம்பெனி கொடுத்த அசல் விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது. 2021-ல் வந்த விதிப்படி, ஐம்பது வயது தாண்டிய காரை வின்டேஜ் என்று பதிவு செய்யலாம். ஆனால் சேஸிஸ், பாடி, இன்ஜின் மாறாமல் அசல் உருவத்தில் இருக்க வேண்டும். அரை இன்ச் டயருக்காக மட்கார்டை வெட்டினால் அறுபது வருஷக் காரின் மரியாதை போய்விடும்.

சப்பாத்தி மாவு டெஸ்ட்

எப்படி அளப்பது? பெரியவர் செய்து காட்டினார். பழைய சக்கரத்தைக் கழற்றிக் குப்புறப் போட்டு, ரிம்மின் குறுக்கே ஒரு நேரான இரும்புப் பட்டையை வைத்தார். பட்டையிலிருந்து ஹப்பில் உட்காரும் முகம் வரை அளந்தார். ரிம்மின் மொத்த வெளி அகலத்தில் பாதியைக் கழித்தார். அதுதான் ஆஃப்செட். (அகலம் என்று எழுதியிருப்பது டயர் உட்காரும் இடத்தின் அகலம் மட்டும். ஓரங்களோடு சேர்த்தால் கிட்டத்தட்ட ஒரு இன்ச் கூடும்.)

பிறகு, வீட்டம்மாவிடம் சொல்லி சப்பாத்தி மாவு வரவழைத்தார். மட்கார்டுக்குள்ளும் சஸ்பென்ஷன் பக்கத்திலும் பெரிய பெரிய உருண்டைகளாக அப்பினார். "பின்சீட்ல ரெண்டு பேரை ஏத்திக்கினு, ஸ்டீயரிங்கை ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சி, நாலு ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்குங்க. மாவுல எங்கே தடம் விழுதோ அதுவரைக்கும் டயர் வருதுன்னு அர்த்தம். மிச்சம் இருக்கிற மாவுதான் உங்களுக்குச் சொத்து."

பட்டறைப் பையன்கள் இரண்டு பேர் சந்தோஷமாகப் பின்சீட்டில் ஏறினார்கள். அலாய் வீல்கள் வேப்பமரத்தடியில் தங்கிவிட்டன.

திருக்கழுக்குன்றம் வழியாக

செங்கல்பட்டிலிருந்து மகாபலிபுரம் முப்பது கிலோமீட்டர். பாதி வழியில் திருக்கழுக்குன்றம். மலை மேல் வேதகிரீஸ்வரர். ரோடு சஸ்பென்ஷன் பரிசோதனைக்கென்றே ஆர்டர் கொடுத்துச் செய்தது மாதிரி இருந்தது. ஸ்பீடு பிரேக்கர் 3.7 மீட்டர் அகலத்தில் பத்து சென்டிமீட்டர் உயரத்தில் மெதுவாக ஏறி இறங்க வேண்டும் என்று இந்திய சாலை காங்கிரஸ் விதி வைத்திருக்கிறது. நம் ஊர்களில் அகலம் ஒரு முழம். உயரம், போடுகிறவர் கோபத்தைப் பொறுத்தது. ஒன்றரை இன்ச் இறங்கிய ஹெரால்ட் ஒவ்வொன்றையும் குறுக்காக, ஒரு சக்கரம் ஒரு சக்கரமாக, பிரசவ வார்டுக்குப் போகிறவள் மாதிரி கடந்தது.

கோயில் தேரைப் பற்றிய பேச்சும் வந்தது. நம் மரத்தேரைக் கவனித்திருக்கிறீர்களா? சக்கரத்தின் மேல் மட்கார்டு கிடையாது, அதனால் உரசல் கிடையாது. ஸ்டீயரிங், பிரேக் இரண்டுமே முட்டுக்கட்டைதான். சக்கரம் கழன்று வராமல் காப்பது ஒரு கடையாணி. இத்தனை பெரிய தேருக்கும் கடைசியில் உயிர் அந்தச் சின்ன ஆணியில்தான். ஹெரால்டுக்கு நாலு நட்டில்.

மகாபலிபுரத்தில் பஞ்ச ரதம் அருகே காரை நிறுத்தினோம். ஏழாம் நூற்றாண்டில் நரசிம்மவர்மப் பல்லவன் காலத்தில் பாறையைக் குடைந்து செய்தவை. பாண்டவர்களுக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை. ஊர் ஜனங்கள் பின்னால் வைத்த பெயர்கள். ரதம் என்கிறோமே, ஒன்றுக்காவது சக்கரம் இருக்கிறதா? இல்லை! தாராசுரத்தில் கல் மண்டபத்துக்குச் சக்கரம் உண்டு, ஹம்பியில் உண்டு. இங்கே ஐந்து ரதத்துக்கும் சேர்த்து ஒன்றுகூட இல்லை. இதற்கு மேல் இறக்க முடியாத அளவுக்குத் தரையோடு தரையாக இறக்கியிருக்கிறார்கள். ஆஃப்செட் தொல்லை இல்லை. ஆயிரத்து முந்நூறு வருஷமாக ஒரு நட்டும் தளரவில்லை.

நண்பர் அதை ரசிக்கும் நிலையில் இல்லை. டிக்கியிலிருந்து ஸ்பேனரை எடுத்து, பெரியவர் சொன்னபடி நட்டுகளை ஒரு முறை சரிபார்த்துக்கொண்டிருந்தார். சக்கரம் கழற்றி மாட்டினால் ஐம்பது கிலோமீட்டருக்குள் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். ஸ்பேஸர் வைத்திருந்தால் கட்டாயம். இந்தக் கடற்கரையில் இன்னொன்றும் உண்டு. உப்புக் காற்றில் இரும்பு ஹப்பும் அலுமினிய வில்லையும் ஒட்டியிருந்தால் இரண்டும் அரித்துப் பிணைந்துவிடும். கழற்றச் சம்மட்டிதான் வேண்டும். முகங்களை அவ்வப்போது கழற்றிச் சுத்தம் செய்து, அரிப்பைத் தடுக்கும் பசையை மெல்லிசாகத் தடவ வேண்டும். அதையும் முகத்தில் மட்டும், மரையில் அல்ல.

மாவு உருண்டைகளைப் பார்த்தோம். முன்பக்கம் உள்ளே தாராளம், வெளியே சுமார். பின்பக்கம் மட்கார்டு ஓரத்தில் இருந்த மாவு அப்பளமாகியிருந்தது. மூன்றரை இன்ச் ரிம்முக்கே இந்தக் கதி என்றால், 25 மில்லிமீட்டர் ஸ்பேஸரோடு ஐந்தரை இன்ச் சக்கரம் மாட்டியிருந்தால் திருக்கழுக்குன்றத்து முதல் வேகத்தடையிலேயே டயர் கிழிந்திருக்கும். பின்சீட்டில் இரண்டு பையன்கள் வேறு.

நண்பர் நோட்டில் குறித்துக்கொண்டார். அப்புறம் நடந்தது சுருக்கமாக: அலாய் வீல்களை விற்றுவிட்டார். ஸ்பிட்ஃபயரின் கடைசி மாடல்களுக்கு வந்த நாலரை இன்ச் தகடுச் சக்கரம், அதே 95.25 பி.சி.டி., இங்கிலாந்திலிருந்து தருவித்தார். ஐந்தரையை விட்டுக்கொடுத்ததால் இரண்டு இன்ச் ஒரு இன்ச் ஆனது; உள்ளுக்கும் வெளிக்குமாகப் பங்கு போட இடம் கிடைத்தது. டயர் 155/80 ஆர் 13. உயரம் ஏறக்குறைய பழைய டயரின் உயரமே. பின் ஸ்பிரிங்கை மட்டும் ஒரு பிடி ஏற்றினார். ஸ்பேஸர் பூஜ்யம். மட்கார்டில் கத்தி படவில்லை. மாவு டெஸ்ட் மறுபடி நடந்தது. இந்த முறை உருண்டைகள் உருண்டைகளாகவே திரும்பி வந்தன.

பழைய கார் வைத்திருக்கும் இளைஞர்களே, பழைய கார் வாங்கப் போகிறவர்களே! ஸ்பேஸர் பாவப்பட்ட பொருள் அல்ல. சரியான பி.சி.டி. உள்ள சக்கரத்துக்கு, நீளமான போல்ட்டோடு, இரண்டு மூன்று மில்லிமீட்டர் உரசலைத் தீர்க்க வைத்தால் அது மருந்து. தப்பான சக்கரத்தைச் சரியாக்க வைத்தால் விஷம். கடைக்காரர் "பிரச்னையே இல்லை சார், ஏறிடும்" என்றால், நட்டை எத்தனை சுற்று திருப்பினார் என்று வாய்விட்டு எண்ணுங்கள். ஒன்பதுக்குக் கீழே நின்றால், காரை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வந்துவிடுங்கள்.